உணர்ச்சி முதல்லயா, யோசனை முதல்லயா? திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்கள்

தபால் வழில சைக்காலஜி படிக்கிறவங்க கொஞ்ச பேருக்கு ஞாயித்துக்கிழமைல பாடம் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். எமோஷன் பாடம் வந்தா போதும், ஒவ்வொரு பேட்ச்லயும் அதே சந்தேகங்கள், சில சமயம் அதே வார்த்தைலயே வருது. வாட்ஸப்ல தனித்தனியா டைப் பண்ணி அனுப்புறதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்க ஒரே இடத்துல எழுதி வச்சுடறேன். கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். கீழ போகப் போக கொஞ்சம் கஷ்டமாகும், அதனால மேலேருந்து படிச்சா நல்லது.

அக்கா, உணர்ச்சியும் யோசனையும் சேந்துதானே வருது, எது முதல்லன்னு பிரிச்சுப் பாக்குறது எதுக்கு?

ஒரு மழை நாள் ராத்திரி கரண்ட் போயிருந்தப்போ கொல்லப்பக்கம் போனேன், கால்ல வழவழன்னு ஏதோ பட்டுது, கத்திட்டு ரெண்டடி பின்னாடி குதிச்சேன், நெஞ்சு அடிச்சுக்குது, அப்புறம் போன் டார்ச்சப் போட்டுப் பாத்தா செடிக்கு தண்ணி விடுற ட்யூப். இப்ப யோசிங்க. குதிக்கிறதுக்கு முன்னாடி நான் "பாம்பு"ன்னு நெனச்சேனா? நெனச்ச ஞாபகமே இல்ல. ஆனா எதையுமே நெனக்கலன்னா பயம் எந்த அடிப்படைல வந்துச்சு, ஏன் சிரிப்பு வரல, ஏன் எரிச்சல் வரல? இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவுல இருக்குற இடம்தான் நூறு வருஷத்துக்கு மேல சைக்காலஜிக்காரங்க நின்னு சண்டை போட்ட இடம்.

ஏன் முக்கியம்னா, நாம தினமும் ஒருத்தருக்கொருத்தர் சொல்ற அறிவுரை எல்லாம் இது மேலதான் நிக்குது. "ஏன் பயப்படுற, கொஞ்சம் யோசிச்சுப் பாரு"ன்னு சொன்னா, யோசனைய மாத்துனா பயம் போயிடும்னு நம்புறோம்னு அர்த்தம். அது எல்லா பயத்துக்கும் உண்மையான்னு பாக்காமலே சொல்லிட்டுப் போயிடறோம், கேட்டவங்க பயமும் போகாம, "யோசிக்கத் தெரியாத ஆளு"ங்கிற பேரையும் சேத்து சுமக்குறாங்க.

அழுறதாலதான் சோகம் வருதுன்னு ஜேம்ஸ் சொன்னாராமே, தலைகீழால்ல இருக்கு?

தலைகீழாத்தான் சொன்னார், தெரிஞ்சேதான் சொன்னார். கரடியப் பாத்தோம், பயந்தோம், ஓடினோம், இதுதான் நாம எல்லாரும் சொல்ற வரிசை. அமெரிக்க சைக்காலஜிஸ்ட் வில்லியம் ஜேம்ஸ் 1884ல எழுதுன கட்டுரைல இந்த வரிசை தப்புன்னார். பாத்த உடனே ஒடம்புல மாற்றம் வந்துடுது, அந்த மாற்றத்த நாம உள்ளேருந்து உணர்றோமே, அந்த உணர்றதுக்குப் பேர்தான் பயம். டென்மார்க்ல கார்ல் லாங்கேயும் 1885ல தனியா இதே மாதிரி ஒண்ணு சொன்னதால ரெண்டு பேர் பேரும் சேந்துக்குச்சு. ஜேம்ஸ் வைக்கிற சவால எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பயத்துலேருந்து படபடப்பு, நடுக்கம், வயித்தப் பிசையறது எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கழிச்சுப் பாருங்க, கடைசில மிச்சம் என்ன நிக்குது? ஒரு வெறும் தகவல்தான் நிக்கும்.

வால்டர் கேனன் 1927ல இத நல்லா தாக்கினார். நெஞ்சுத் துடிப்பு கூடுறதெல்லாம் பயத்துலயும் வருது, கோவத்துலயும் வருது, காய்ச்சல்லயும் வருது, அப்ப இத வச்சு எது பயம் எது கோவம்னு எப்படிப் பிரிக்க முடியும்? வயிறு குடல் எல்லாம் மெதுவா மாறுற உறுப்பு, உணர்ச்சியோ சட்டுன்னு வருது. ஒடம்போட உள்ளுறுப்புகளுக்கும் மூளைக்கும் உள்ள இணைப்ப வெட்டின மிருகங்களும் கோவத்தக் காட்டிச்சு. அதனால ஒடம்பு மாறுறதும் உணர்ச்சி வர்றதும் மூளைலேருந்து ஒரே நேரத்துல கிளம்புதுன்னு அவரும் பிலிப் பார்டும் சொன்னாங்க.

அப்ப ஜூல கூண்டுக்குள்ள இருக்குற கரடியப் பாத்தா மட்டும் ஏன் ஓட மாட்டேங்கிறோம்?

இந்தக் கேள்விய கேட்டது ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும், நான் அப்படியே நிறுத்தி பாராட்டினேன், ஏன்னா ஜேம்ஸ் கதைல இருக்குற பெரிய ஓட்டை இதுதான். கரடி அதே கரடி, காட்டுல பாத்தா ஒடம்பு பதறுது, ஜூல பாத்தா போட்டோ எடுக்குறோம். அப்ப ஒடம்பு பதறுறதுக்கு முன்னாடியே "இது எனக்கு ஆபத்தா இல்லியா"ன்னு ஏதோ ஒண்ணு உள்ள கணக்குப் போட்டிருக்கணும்.

அந்தக் கணக்குக்குத்தான் அப்ரைசல்னு பேரு, மதிப்பீடுன்னு வச்சுக்கலாம். மேக்டா ஆர்னால்ட் 1960ல இத உணர்ச்சிக் கோட்பாட்டோட நடுவுல கொண்டு வந்து வச்சாங்க. அவங்க பேரு பாடப் புத்தகத்துல ஒரு வரில முடிஞ்சு போறது எனக்கு வருத்தம், ஏன்னா அதுக்கு அப்புறம் வந்த பாதி வேலைக்கு அவங்கதான் அஸ்திவாரம்.

லாசரஸ் சொல்ற அப்ரைசலும் யோசனையும் ஒண்ணா? அவர் ப்ரூஃப் ஏதாவது காட்டினாரா?

ரிச்சர்ட் லாசரஸ், பெர்க்லில இருந்தவர், ஸ்ட்ரெஸ் ஆராய்ச்சிலேருந்து இங்க வந்தவர். அவர் சொன்னது, ஒரு விஷயம் நடக்குறப்போ உள்ள ரெண்டு கேள்வி ஓடுது, ஒண்ணு இதுல எனக்கு நல்லதா கெட்டதா, இன்னொண்ணு என்னால இத சமாளிக்க முடியுமா. பரிட்சை ரிசல்ட் ஒண்ணுதான், ஆனா ஒருத்தருக்கு "போச்சு"ன்னு இருக்கு, இன்னொருத்தருக்கு "அடுத்த அட்டெம்ப்ட் பாத்துக்கலாம்"னு இருக்கு, உணர்ச்சி வேற வேறயா வருது. இது உக்காந்து பேப்பர்ல கூட்டிக் கழிக்கிற யோசனை இல்ல, கண் இமைக்கிற நேரத்துல, நமக்கே தெரியாமகூட நடக்கும்னு அவரே சொல்லியிருக்கார். இந்தப் பாயிண்ட்ட மறந்துடாதீங்க, பின்னாடி சண்டையே இதுல வந்துதான் முட்டும்.

1960கள்ல அவரும் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை பண்ணாங்க. ஆஸ்திரேலியப் பழங்குடிகள்ல பையன்களுக்கு பிறப்புறுப்புல கத்தி வச்சு செய்யற ஒரு சடங்க எடுத்த படம், பாக்கவே கஷ்டமான படம். அதையே வேற வேற பின்னணிப் பேச்சோட காட்டினாங்க. ஒண்ணுல வலியையும் ஆபத்தையும் எடுத்துச் சொல்ற பேச்சு, ஒண்ணுல "இதுல பெருசா ஒண்ணும் வலி இல்ல, பையன்கள் சந்தோஷமாத்தான் இருக்காங்க"ங்கிற மாதிரி, ஒண்ணுல மானுடவியல் ஆளு தள்ளி நின்னு வர்ணிக்கிற மாதிரி. பாத்தவங்களோட தோல்ல வேர்வையால மாறுற மின்கடத்தல அளந்தா, கண்ணு பாக்குற படம் ஒண்ணுதான், ஆனா வலியச் சொன்ன பேச்சோட பாத்தவங்க ஒடம்பு ரொம்பப் பதறிச்சு, மத்த ரெண்டுலயும் பதட்டம் குறைஞ்சுது. எப்படி எடுத்துக்குறோமோ அப்படித்தான் ஒடம்பே நடந்துக்குது.

அட்ரினலின் ஊசி போட்ட எக்ஸ்பெரிமெண்ட் இதுல எங்க வருது மேடம்?

ஷாக்டரும் சிங்கரும், 1962. விட்டமின் ஊசின்னு பொய் சொல்லி காலேஜ் பசங்களுக்கு அட்ரினலின் போட்டாங்க. சில பேருக்கு மட்டும் "நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும்"னு உண்மையான விளைவ சொல்லிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரையும் ஒரு ரூம்ல விட்டு, கூட ஒரு நடிக்கிற ஆள விட்டாங்க, ஒரு பக்கம் அவன் குஷியா பேப்பர் ராக்கெட் விடுறான், இன்னொரு பக்கம் குடுத்த கேள்வித்தாளப் பாத்து கோவப்பட்டுக் கிழிக்கிறான். படபடப்புக்குக் காரணம் தெரியாத பசங்க அந்த ஆளோட மூட அதிகமா பிடிச்சுக்கிட்டாங்கன்னு முடிவு சொன்னாங்க. அதாவது ஒடம்பு குடுக்குறது வெறும் கிளர்ச்சி, அதுக்கு நாம தேடி ஒட்டுற காரணம்தான் அத சந்தோஷமாவோ கோவமாவோ ஆக்குது.

பரிட்சைக்கு இவ்ளோ போதும். ஆனா உண்மையா தெரிஞ்சுக்கணும்னா, அதோட ரிசல்ட் பாடப் புத்தகம் சொல்ற அளவுக்கு சுத்தமா வரல, வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்டவங்களுக்கும் அட்ரினலின் போட்டவங்களுக்கும் வித்தியாசம் பல இடத்துல சின்னதுதான். 1979ல மார்ஷல், ஜிம்பார்டோ ஒரு பக்கமும் கிறிஸ்டினா மாஸ்லாக் ஒரு பக்கமும் திரும்பச் செஞ்சு பாத்தப்போ அதே மாதிரி வரல, காரணம் புரியாத படபடப்பு குஷிய விட கெட்ட உணர்ச்சியாத்தான் சாஞ்சுது. அதனால இத ஒரு நல்ல யோசனையா எடுத்துக்கோங்க, நிரூபணமா எடுத்துக்காதீங்க.

Z-ல ஆரம்பிக்கிற அந்தப் பேர எப்படிப் படிக்கிறது? வாய்லயே வரமாட்டேங்குது.

ஸையன்ஸ். ராபர்ட் ஸையன்ஸ். கிட்டத்தட்ட சயின்ஸ் பாடத்தோட பேரு மாதிரியே உச்சரிக்கணும். 1923ல போலந்துல லோட்ஸ் ஊர்ல பொறந்தவர். போர் வந்தப்போ வார்சாவுல குண்டு விழுந்து அப்பா அம்மா ரெண்டு பேரும் செத்துட்டாங்க, இவருக்கும் அடி, அப்புறம் ஜெர்மன்காரங்க கட்டாய வேலைக்குக் கொண்டு போனாங்க, தப்பிச்சு, பிடிபட்டு, திரும்பத் தப்பிச்சு, கடைசில அமெரிக்கா போய் மிச்சிகன்ல பி.எச்.டி. முடிச்சார். அந்த வாழ்க்கைய படிச்சுட்டு "விருப்பு வெறுப்புக்கு அனுமானம் தேவையில்ல"ங்கிற அவரோட வரியப் படிச்சா எனக்கு அது வேற மாதிரி கேக்கும், ஆனா அது என் மனசுல தோணுறது, அவர் அப்படி எங்கயும் சொல்லல.

அவர் என்னதான் சொன்னார்? உணர்ச்சிக்கு யோசனையே வேணாம்னா?

1968லயே ஒண்ணக் காட்டியிருந்தார், ஒரு பொருள திரும்பத் திரும்பப் பாத்தாலே போதும், வேற எந்தக் காரணமும் இல்லாம அது பிடிச்சுப் போயிடும்னு. அர்த்தம் புரியாத வார்த்தை, சீன எழுத்து மாதிரி கிறுக்கல், முன்பின் தெரியாத முகம், எல்லாத்துலயும் வந்துச்சு. ரெண்டு காலேஜ் பத்திரிகைல வாரக்கணக்கா ஒரு சின்னப் பெட்டிக்குள்ள புரியாத வார்த்தைகள விளக்கமே இல்லாம போட்டாங்க, சில வார்த்தை அடிக்கடி, சிலது எப்பவாவது. அப்புறம் மாணவர்கள்கிட்ட "இந்த வார்த்தைக்கு நல்ல அர்த்தம் இருக்குமா கெட்ட அர்த்தமா"ன்னு கேட்டா, அடிக்கடி வந்ததுக்கெல்லாம் நல்ல அர்த்தம்னாங்க.

1980ல பெரிய கட்டுரை வந்துச்சு. அதுல அவர் சொன்னது: ஒருத்தர முதல்தடவை பாத்ததும் பிடிக்குது பிடிக்கலன்னு தோணிடுது, காரணத்த அப்புறம்தான் தேடி அடுக்குறோம். அவருக்கு யோசனை மேல வெறுப்பெல்லாம் இல்ல. உணர்ச்சிக்கும் அறிவுக்கும் தனித்தனி பாதை இருக்கு, உணர்ச்சி பல நேரம் முன்னாடி வந்துடுது, யோசனையோட உதவி இல்லாமலும் வர முடியும், அவ்ளோதான் வாதம். அவர் "வர முடியும்"னுதான் சொன்னார், "எப்பவும் அப்படித்தான் வரும்"னு சொல்லல. பரிட்சைல பாதிப் பேர் இங்கதான் தப்பா எழுதுறாங்க.

எண்கோணம் காட்டி ஏதோ பண்ணாங்களே, அது புரியவே இல்ல.

இதுதான் மொத்தக் கதைலயும் அழகான சோதனை, கொஞ்சம் பொறுமையா படிங்க. குன்ஸ்ட்-வில்சனும் ஸையன்ஸும் 1980ல செஞ்சது. ஒழுங்கில்லாத எட்டுமூலை வடிவங்கள் பத்து எடுத்துக்கிட்டாங்க. ஒவ்வொண்ணையும் அஞ்சு தடவை, ஒவ்வொரு தடவையும் 1 மில்லிசெகண்டு மட்டும் காட்டினாங்க. ஒரு செகண்டோட ஆயிரத்துல ஒரு பங்கு. பாக்குறவங்களுக்கு ஏதோ மின்னின மாதிரி இருக்கும், வடிவம் தெரியாது. அப்புறம் ஜோடி ஜோடியா, ஒண்ணு காட்டினது ஒண்ணு புதுசு, நல்லா தெரியற மாதிரி வச்சு ரெண்டு கேள்வி கேட்டாங்க. எத முன்னாடி பாத்தீங்க? எது உங்களுக்குப் பிடிச்சிருக்கு?

முதல் கேள்விக்கு சரியா சொன்னது 48 சதவீதம், அதாவது நாணயத்த சுண்டிப் போட்டு சொன்ன மாதிரி. ஆனா பிடிச்சதுன்னு காட்டினது 60 சதவீதம் முன்னாடி காட்டின வடிவத்த. அதப் பாத்தோம்ங்கிறதே தெரியாது, ஆனா பிடிச்சிருக்கு. 60ங்கிறது பெரிய நம்பர் இல்லதான், ஆனா இங்க கேள்வி அளவு இல்ல, "அடையாளம் தெரிஞ்சாத்தான் பிடிக்கும்"ங்கிற விதிய உடைக்க இது போதும்.

அப்ப ஸையன்ஸ் ஜெயிச்சார், லாசரஸ் தோத்தார்னு எழுதிடலாமா?

எழுதாதீங்க. லாசரஸ் 1982ல பதில் குடுத்தார், 1984ல ரெண்டு பேரும் ஒரே பத்திரிகைல நேருக்கு நேர் மோதினாங்க, ஒருத்தர் கட்டுரைக்கு உணர்ச்சியோட முதன்மைன்னும் இன்னொருத்தர் கட்டுரைக்கு அறிவோட முதன்மைன்னும் தலைப்பு. லாசரஸ் கேட்டது நியாயமான கேள்விதான். எட்டுமூலை வடிவம் கொஞ்சம் பிடிக்குதுங்கிறது உணர்ச்சியா? அது ஒரு லேசான சாய்வு. அதையும், அண்ணன் செத்துப் போனப்ப வர்ற துக்கத்தையும் ஒரே தட்டுல வைக்கலாமா? அதோட, தெரியாம நடந்துச்சுங்கிறதால மதிப்பீடே நடக்கலன்னு ஆயிடாது, நான் மேலயே மறந்துடாதீங்கன்னு சொன்ன பாயிண்ட். ஸையன்ஸ் திரும்பக் கேட்டதும் நியாயம்தான்: யோசனை நடந்ததுக்கு எந்த அடையாளமும் இல்ல, ஆனா உணர்ச்சி வந்ததால யோசனை நடந்திருக்கணும்னு நீங்க சொன்னா, உங்க கோட்பாட்ட எந்த சோதனையாலும் பொய்யாக்கவே முடியாதே?

1987ல லெவந்தாலும் ஷெரரும் சொன்னாங்க, இவங்க ரெண்டு பேரும் "அறிவு"ங்கிற வார்த்தைக்கு வேற வேற எல்லை போட்டுட்டு சண்டை போடுறாங்கன்னு. புலன்ல பட்டதும் தானா நடக்குற அடிமட்ட வேலையையும் சேத்து அறிவுன்னா லாசரஸ் சரி, மேல்மட்டத்துல நடக்குறது மட்டும்தான் அறிவுன்னா ஸையன்ஸ் சரி. நானும் ரொம்ப நாள் இதோட நிறுத்திக்கிட்டு "வார்த்தைச் சண்டைப்பா"ன்னு சொல்லிட்டு இருந்தேன். இப்ப அப்படி சொல்றதில்ல. வார்த்தை குழப்பமா இருந்தாலும் அடில ஒரு நிஜமான கண்டுபிடிப்பு இருக்கு: காரணம் நம்ம கைல வர்றதுக்கு முன்னாடியே உணர்ச்சி வந்துடலாம். அத ஸையன்ஸ்தான் நம்மள ஒத்துக்க வச்சார்.

தமிழ்ல உணர்வுன்னாலே ரெண்டும் வருதே? "தப்ப உணர்ந்தேன்"னா புரிஞ்சுக்கிட்டேன்னுதானே அர்த்தம்?

ஆமா, தமிழ்ல படிக்கிறவங்களுக்கு இது கூடுதல் கஷ்டம், ஒரு விதத்துல கூடுதல் வரம்னும் சொல்வேன். "குளிர உணர்ந்தேன்", "சோகத்த உணர்ந்தேன்", "உண்மைய உணர்ந்தேன்", மூணுக்கும் ஒரே வினைச்சொல். ஒண்ணு புலன், ஒண்ணு மனசு, ஒண்ணு அறிவு. நம்ம மொழி இந்த மூணையும் தனித்தனி பெட்டில போட்டு வைக்கல, பேச்சுல மட்டும் "மனசு கேக்குது, புத்தி வேணாங்குது"ன்னு பிரிச்சுக்குறோம்.

எழுதும்போது நான் சொல்றது, பிடிக்குது பிடிக்கலங்கிற சாய்வுக்கு "விருப்பு வெறுப்பு", கோவம் பயம் மாதிரி முழுசா வர்றதுக்கு "உணர்ச்சி", அப்ரைசலுக்கு "மதிப்பீடு", வார்த்தைல காரணம் சொல்லி யோசிக்கிறதுக்கு மட்டும் "யோசனை". இந்த நாலையும் பிரிச்சுட்டீங்கன்னா பாதி சண்டை தானா அடங்கிடும், மிச்சம் இருக்குற பாதிதான் நிஜமான சண்டைன்னும் தெரிஞ்சிடும்.

மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தா எது முதல்லன்னு தெரிஞ்சிடப் போகுது, இதுக்கு ஏன் இவ்ளோ வாதம்?

பாத்தாங்க, ஸ்கேனுக்கு முன்னாடி எலில பாத்தாங்க. மூளை ஆராய்ச்சியாளர் ஜோசப் லெடூ 1980கள்ல எலிக்கு ஒரு சத்தத்தையும் ஷாக்கையும் சேத்துக் குடுத்து, சத்தத்துக்கே பயப்படப் பழக்கினார். சத்தத்த அலசுற மேல்மூளைப் பகுதிய எடுத்துட்டாலும் எலி பயப்படக் கத்துக்கிச்சு. அதுக்குக் கீழ இருக்குற தாலமஸ் பகுதிய, அதாவது புலன்லேருந்து வர்ற தகவல மேல அனுப்பி வைக்கிற இடத்த, சேதப்படுத்தினா கத்துக்கல. அப்ப தாலமஸ்லேருந்து மேல போகாம நேரா அமிக்டலாவுக்கு, அதாவது ஆபத்தக் கவனிக்கிற ஒரு சின்ன மூளைப் பகுதிக்கு, ஒரு குறுக்குவழி இருக்கு. எலில அது சுமார் 12 மில்லிசெகண்டுல போயிடும். மேல்மூளை வழியா போற பாதை மெதுவானது, ஆனா விவரம் அதிகம். என் ட்யூப் கதைய இதுல வச்சுப் பாருங்க: குறுக்குவழி குதிக்க வச்சுது, மெயின்ரோடு வந்து ட்யூப்னு சொல்லுச்சு.

எல்லாரும் இங்க "ஆஹா ஸையன்ஸ் சரி"ன்னு முடிச்சுடறாங்க. ஆனா மனுஷங்க கண்ணால பாக்குறதுல இந்தக் குறுக்குவழி எவ்ளோ பெரிய வேலை செய்யுதுன்னு 2010ல பெசோவா, அடால்ஃப்ஸ் ரெண்டு பேரும் கடுமையா கேள்வி கேட்டாங்க, மேல்மூளைக்கே பல வேகமான பாதை இருக்குன்னாங்க. அதவிட முக்கியம், லெடூவே பின்னாடி தன்னோட பேச்ச திருத்திக்கிட்டார். எலி உறைஞ்சு நிக்கிறது ஆபத்துக்கு ஒடம்பு குடுக்குற பதில், அது "பயமா இருக்கு"ன்னு உணர்ற அனுபவம் இல்ல, அந்த அனுபவத்துக்கு மேல்மூளை வேணும்னு சொல்றார். தன்னோட கண்டுபிடிப்ப ஊரே கொண்டாடறப்போ "நீங்க அதுக்கு வச்ச பேரு தப்பு"ன்னு சொல்ல பெரிய மனசு வேணும்.

அமிக்டலா இல்லாத ஒரு அம்மாவுக்கு பயமே வராதாமே, நிஜமா?

எஸ்.எம். அப்படிங்கிற எழுத்தால மட்டும் குறிப்பிடப்படுறவங்க, ஒரு அபூர்வ நோயால ரெண்டு பக்க அமிக்டலாவும் கெட்டுப் போச்சு. பாம்பு விக்கிற கடைக்குக் கூட்டிட்டுப் போனா ஆசையா தொட்டுப் பாக்குறாங்க. அதனால அமிக்டலாதான் பயத்தோட இருப்பிடம்னு எல்லாரும் நெனச்சாங்க. 2013ல அவங்களையும் அதே மாதிரி பாதிப்பு இருந்த இன்னும் ரெண்டு பேரையும் 35 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காத்த ஒரு மூச்சு இழுக்க வச்சாங்க. மூணு பேருக்கும் பேனிக் அட்டாக். வெளிலேருந்து வர்ற ஆபத்தக் கண்டுபிடிக்க அமிக்டலா வேணும், உள்ளேருந்து மூச்சு முட்டுற பயத்துக்கு அது இல்லாமலும் வழி இருக்கு. இதப் படிச்சதுலேருந்து "பயத்தோட இடம்"னு ஒருமைல சொல்றத நான் விட்டுட்டேன்.

ஞாபகமே இல்லாத ஆளுக்கு பயம் மட்டும் இருக்குமா?

ஜெனீவாவுல எட்வார்ட் கிளாபரேட்னு ஒரு டாக்டர், 1911ல எழுதினது. புது விஷயம் எதுவுமே மனசுல தங்காத ஒரு பெண் நோயாளி, டாக்டர தினமும் புதுசா பாக்குற மாதிரிதான் பாப்பாங்க. ஒருநாள் விரலுக்கு நடுவுல ஒரு ஊசிய மறைச்சு வச்சுக்கிட்டு கை குலுக்கினார். குத்திடுச்சு. கொஞ்ச நேரத்துல அத மறந்துட்டாங்க. ஆனா அடுத்து கைய நீட்டினா சட்டுன்னு கைய இழுத்துக்குறாங்க. ஏம்மான்னு கேட்டா, கைய இழுத்துக்க எனக்கு உரிமை இல்லியான்னு கேக்குறாங்க, இன்னும் கேட்டா, சில சமயம் கைல ஊசி மறைச்சு வச்சிருப்பாங்களேன்னு பொதுவா சொல்றாங்க. நடந்தது ஞாபகம் இல்ல. இப்ப யாரும் ஒரு நோயாளிகிட்ட இப்படி செய்யக் கூடாது, செய்யவும் விட மாட்டாங்க.

எட்டுமூலை சோதனைல பாத்தது விருப்பு, இங்க பாக்குறது வெறுப்பு, ஆனா ரெண்டுலயும் ஒரே அமைப்பு. காரணம் போயிடுச்சு, உணர்ச்சி நிக்குது. "ஏன்னே தெரியல, அந்த வீட்டுக்குப் போனா ஒரு மாதிரி இருக்கு"ன்னு யாராவது சொன்னா, காரணம் சொல்லத் தெரியலன்னு அத பொய்யாக்கிடாதீங்க.

கரப்பான்பூச்சி ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்கு நல்லா தெரியும், ஆனாலும் அலறுறேன். யோசனைய மாத்தற சிபிடி எனக்கு வேலை செய்யுமா?

நீங்க கேக்குறதுலயே பதில் இருக்கு, யோசனை ஏற்கனவே சரியாத்தான் இருக்கு உங்களுக்கு, திருத்த ஒண்ணும் இல்ல. இந்த மாதிரி பயத்துக்கு வாதம் பண்ணிப் பிரயோஜனம் கம்மி, படிப்படியா நெருங்கிப் பழகுறதுதான் வேலை செய்யுது. முதல்ல படம், அப்புறம் மூடின பாட்டில்ல, அப்புறம் ரூம்ல தூரத்துல. பழைய பயம் அழியறதில்ல, அது மேல "ஒண்ணும் ஆகல"ங்கிற புது அனுபவம் ஏறி உக்காருது, அதனாலதான் சில சமயம் பயம் திரும்பவும் எட்டிப் பாக்கும். அது நீங்க தோத்ததா அர்த்தம் இல்ல.

அதுக்காக சிபிடி, அதாவது யோசனையையும் நடந்துக்குற விதத்தையும் மாத்தப் பழக்குற மனநல சிகிச்சை, பொய்யின்னு எடுத்துக்காதீங்க. நல்ல தெரபிஸ்ட் இந்தப் பழக்குறதையும் அதுக்குள்ளதான் வச்சிருப்பாங்க. இந்த சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட ஏரன் பெக் 1960கள்ல கவனிச்சது, சோர்வா இருக்குறவங்க மனசுல "நான் ஒண்ணுக்கும் லாயக்கில்ல"ங்கிற மாதிரி எண்ணம் தானா, வேகமா, அவங்களே கவனிக்காம ஓடிட்டே இருக்குன்னு. அங்க உணர்ச்சி அந்த மதிப்பீட்டுலேருந்துதான் ஊறுது, அத வெளிய எடுத்துப் பாத்தா மாறுது. நிஜமா கஷ்டப்படுறவங்க இந்தப் பக்கத்தப் படிச்சுட்டு நிறுத்திடாம ஒரு டாக்டரையோ கவுன்சிலரையோ பாருங்க.

பொறாமை, குற்ற உணர்ச்சி எல்லாம் கூட யோசனைக்கு முன்னாடியே வருமா?

இங்க நான் முழுசா லாசரஸ் பக்கம். குற்ற உணர்ச்சி வரணும்னா ஒரு நியாயம் இருக்கு, அத நான் மீறிட்டேன், நான்தான் செஞ்சேன், இவ்வளவும் உள்ள இருக்கணும். பொறாமைக்கு இன்னொருத்தர்கிட்ட இருக்குறது எனக்கு இல்லன்னு ஒப்பிடணும். லாசரஸ் 1991ல ஒவ்வொரு உணர்ச்சிக்கும் பின்னாடி இருக்குற கதைய ஒரு வரில எழுதினார், கோவம்னா என்னையோ என்னைச் சேந்தவங்களையோ கேவலப்படுத்திட்டாங்க, சோகம்னா திரும்ப வராத இழப்பு. குறுக்குவழில இதெல்லாம் வந்து சேராது. வேகமா வரலாம், அது வேற, நிறைய தடவை போட்ட கணக்கு மனப்பாடம் ஆயிட்டா வேகமாத்தானே வரும்.

மேடம், கோவம் வந்தா யோசிக்காம கத்திடறேன், அப்புறம் அழுறேன். உணர்ச்சிதான் முதல்லன்னா அது என் தப்பு இல்லதானே?

இத ஒருத்தங்க தனியா மெசேஜ் பண்ணிக் கேட்டாங்க, அவங்க அனுமதியோடதான் போடறேன். சுர்ருன்னு கோவம் ஏறுறது உங்க தப்பு இல்ல. அது நீங்க தேர்ந்தெடுத்து வர்றதில்ல. ஆனா சுர்ருன்னு ஏறுறதுக்கும் வாயத் தெறந்து கத்துறதுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு, அந்த இடத்துல மெயின்ரோடு வந்து சேர நேரம் குடுக்க முடியும். ரூம விட்டு வெளிய போறது, தண்ணி குடிக்கிறது, இதெல்லாம் பாட்டி காலத்து அறிவுரை மாதிரி இருந்தாலும் அது செய்யறது நேரம் வாங்குறதுதான்.

இன்னொண்ணு, அடுத்த தடவை அந்த சுர்ரு கம்மியா வர்றதுக்கும் வழி இருக்கு. கோவம் அடங்கின நேரத்துல உக்காந்து, "அந்தப் பேச்சுல எது என்ன கேவலப்படுத்தின மாதிரி இருந்துச்சு"ன்னு கேட்டுப் பாருங்க. போன கேள்வில சொன்ன கணக்கு அங்க மாட்டும். கணக்க மாத்த முடிஞ்சா கோவமும் மெதுவா மாறும்.

பேச்சே வராத குழந்தை அழுதே, அது என்னத்த மதிப்பீடு பண்ணியிருக்கும்?

பொறந்த குழந்தை நாக்குல இனிப்பு வச்சா முகம் மலருது, கசப்பு வச்சா சுளிக்குது. அதுல யோசனைய தேடறது கஷ்டம், ஸையன்ஸ் பக்கம்தான் சாயுது. ஆனா ஒரு வயசுல கதை மாறிடுது. 1985ல ஒரு சோதனை பண்ணாங்க, ஒரு மேஜை, பாதிக்கு மேல கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழ தரை கொஞ்சம் இறங்கின மாதிரி தெரியும், பயப்படவும் முடியாது தைரியமாவும் இருக்க முடியாது, ரெண்டுங்கெட்டான் ஆழம். அந்தப் பக்கம் அம்மா நிக்கிறாங்க. தவழ்ந்து வர்ற குழந்தை விளிம்புல நின்னு கீழ பாக்குது, அப்புறம் அம்மா முகத்தப் பாக்குது.

அம்மா சிரிச்ச முகத்தோட நின்னப்போ 19 குழந்தைல 14 தாண்டி வந்துச்சு. பயந்த முகத்தோட நின்னப்போ 17 குழந்தைல ஒண்ணு கூட வரல. இதுல உணர்ச்சி எங்க ஆரம்பிச்சுது, மதிப்பீடு எங்க ஆரம்பிச்சுதுன்னு என்னால வெட்டிப் பிரிச்சுக் காட்ட முடியல. குழந்தைக்கு அந்தப் பள்ளத்தப் பத்தி தெரிஞ்சதெல்லாம் எதிர்ல நிக்கிற அம்மா முகத்துல இருந்துச்சு.